தாய்க்கோழி தரும் சீதனம்

லயத்துக் கொல்லையில் தாய்க்கோழி குப்பையைக் கிளற, குஞ்சுகள் அதன் காலடியிற் பொறுக்கித் தின்னும் காட்சியைக் காணாதார் நம்மில் இலர். அக்குஞ்சுகள் இரையை மட்டுமா உண்கின்றன? தாயின் எச்சத்திற் கலந்துள்ள நுண்ணுயிர்களையும் சேர்த்தே உண்கின்றன. அவை குடலிற் குடியேறிப் பின்வரும் தீய கிருமிகளுக்கு இடமில்லாமற் செய்கின்றன. இவ்வுண்மையை அறிவியல் உலகம் உணர்ந்த வரலாறு, ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு எடுத்துரைக்கத் தக்கதாகும்.

குடல் நுண்ணுயிர்களுள் நல்லனவும் உள என்று முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்த மெச்னிக்காப். 1908-இல் நோபல் பரிசு பெற்ற அப்பேரறிஞர், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலுக்கு நலம் பயக்கும் என்று கருதினார். எனினும், பின்வந்த தலைமுறை வேறு வழியிற் சென்றது.

முட்டைகளை இயந்திரத்திற் பொரிக்கும் பெரும்பண்ணைகள் பெருகின. அங்கே பிறந்த குஞ்சு தாயைக் கண்டதில்லை. ஆதலின், தாய் தரும் நுண்ணுயிர்ச் சீதனமும் அதற்குக் கிட்டவில்லை. 1940-களின் இறுதியில், ஆரியோமைசின் தயாரிப்பில் எஞ்சிய பொருளைத் தீவனத்திற் கலந்தால் குஞ்சுகள் விரைந்து வளர்வதை அமெரிக்க அறிஞர்கள் ஸ்டோக்ஸ்டாடும் ஜூக்ஸும் கண்டனர். அதன்பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தீவனத்தில் வாடிக்கையாயின.

விளைவு யாது? மருந்துக்கு ஆற்றாத கிருமிகள் மடிந்தன. அதனைத் தாங்க வல்லவை எஞ்சிப் பெருகின. ஸ்ட்ரெப்டோமைசின் உண்ட வான்கோழிகளின் குடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருந்தமை 1951-லேயே வெளியிடப்பட்டது. மனிதர் நோய்க்குரிய மருந்துகளைக் கால்நடைகளின் வளர்ச்சிக்காக ஊட்டலாகாது என்று பிரிட்டனின் சுவான் குழு 1969-இல் பரிந்துரைத்தது.

1971-இல் பின்லாந்தில் இறைச்சிக் கோழிகளிடையே சால்மனெல்லா பரவி, மக்களையும் தாக்கிற்று. அந்நாட்டு ஆய்வாளர் நுர்மியும் ரந்தாலாவும், பொரித்த குஞ்சுகளுக்கு நோயற்ற முதிர்ந்த கோழிகளின் குடற்பொருளை ஊட்டிப் பார்த்தனர். அக்குஞ்சுகள் சால்மனெல்லாவைப் பெரிதும் எதிர்த்து நின்றன. இம்முடிவு 1973-இல் வெளிவந்தது. நல்ல நுண்ணுயிர்கள் குடற்சுவரில் முன்னரே இடம் பிடிக்கின்றன, உணவைப் பங்கிடுகின்றன, தீயவை விரும்பாத அமிலங்களைச் சுரக்கின்றன. காலியான வீட்டிற் கள்வன் எளிதிற் புகுவான். ஆள் நிறைந்த வீட்டில் அவனுக்கு இடமேது?

இதனைச் சர்வரோக நிவாரணி எனக் கொள்ளுதல் தவறு. இது காப்பேயன்றி மருந்தன்று. தீய கிருமி புகுமுன்னரே குஞ்சுக்கு அளித்தல் வேண்டும். ஊட்டும் நுண்ணுயிர்களே மருந்தை எதிர்க்கும் பண்பைச் சுமந்து வந்தால், அப்பண்பு பிறவற்றிற்கும் தொற்றக்கூடும். ஆகவே ஆராய்ந்து தேர்தல் இன்றியமையாதது. பண்ணைத் தூய்மையும் கைவிடத் தக்கதன்று.

வளர்ச்சிக்காக மருந்தூட்டுவதைச் சுவீடன் 1986-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலும் தடைசெய்தன. கோழிக்கு வீணே செலவிடும் மருந்து, நாளை நம் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பயன்படாமற் போகலாம் என்பதே இதிலுள்ள அச்சம்.

கிருமி யாவும் பகையே என்று சுகாதாரப் பாடத்தில் நானும் பல்லாண்டு கற்பித்தவன். கை கழுவும் பாடத்தை இன்றும் விடேன். ஆயினும் அவ்வொரு வாக்கியத்தை மட்டும் திருத்திக் கொண்டேன்.