ஒரு நாளுக்கு ஒரு நிமிசம்: அமெரிக்காவின் 55 மைல் சட்டத்தின் கதை

2022 இல் பெற்றோல் வரிசையில் நிண்ட எங்களுக்கு 1973 இன் அமெரிக்காவை விளங்கிக்கொள்வது பெரிய கஷ்டமில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்கமாட்டோம் என்று அரபு எண்ணெய் உற்பத்தி நாடுகள் அறிவித்தன. சில மாதங்களில் மசகு எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. பெற்றோல் செட்டுகளில் வரிசை நீண்டது. சில மாநிலங்களில் இலக்கத் தகட்டின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் பெற்றோல் அடித்தார்கள். எங்கட நாட்டிலயும் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினது ஞாபகம் இருக்கும்தானே.

அந்த நெருக்கடிக்குள் இருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன் 1973 நவம்பரில் கார்களுக்கு மணிக்கு 50 மைல், லொறிகளுக்கும் பஸ்களுக்கும் 55 மைல் என்ற வேக எல்லையை முன்மொழிந்தார். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்புக் கூடும், எஞ்சின் கூடுதலாக எண்ணெய் குடிக்கும். ஆகவே மெதுவாக ஓடினால் எண்ணெய் மிஞ்சும் என்பதுதான் கணக்கு. 1974 ஜனவரி 2 இல் கையெழுத்தான சட்டம் எல்லா வாகனங்களுக்கும் 55 மைல் என்று தீர்மானித்தது. கிலோமீற்றரில் சொன்னால் சுமார் 88. எங்கட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் எல்லை 100 என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெதுவான வேகம் எண்டு விளங்கும்.

அமெரிக்காவில் வேக எல்லையைத் தீர்மானிப்பது அதுவரை மாநிலங்களின் அதிகாரமாக இருந்தது. சமஷ்டி அரசு அதை நேரடியாகப் பறிக்கவில்லை. 55 ஐ ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணம் கிடைக்காது என்று மட்டும் சொன்னது. அது போதுமானதாக இருந்தது. எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன.

பிறகு ஒருவரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 1973 இல் அமெரிக்க வீதிகளில் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். 1974 இல் அந்தத் தொகை சுமார் 45,000 ஆனது. ஒரே ஆண்டில் ஒன்பதாயிரம் மரணங்கள் குறைந்துவிட்டன. முழுவதும் வேக எல்லையால்தான் எண்டு சொல்ல முடியாது. பெற்றோல் இல்லாததால் சனம் குறைவாகத்தான் ஓடியது. ஆனாலும் வேகக் குறைப்புக்கு அதில் பெரிய பங்கு இருந்தது. எண்ணெய்ச் சேமிப்போ எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாகவே இருந்தது. பெற்றோலுக்காகக் கொண்டுவந்த சட்டம் பெற்றோலைப் பெரிதாக மிச்சம் பிடிக்காமல் ஆட்களைக் காப்பாற்றியது. தற்காலிகமாக வந்த அது 1975 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

ஆனால் இந்தச் சட்டத்தைக் கனபேருக்குப் பிடிக்கவில்லை. தூரத்துக்கு ஏற்பக் கூலி வாங்கும் லொறிச் சாரதிகளுக்கு வேகம் குறைவது வருமானம் குறைவது. எரிபொருள் விலையும் சேர்ந்துகொள்ள, 1973 டிசம்பரிலேயே அவர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். பொலிஸ் எங்கே நிற்கிறது என்று வானொலிக் கருவிகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். மேற்கு மாநிலங்களில் கோபம் இன்னும் கூட. மொன்டானாவில் அதற்கு முன் பகல் நேரத்தில் இலக்கத்தால் சொன்ன வேக எல்லையே இருந்ததில்லை. நூறு மைலுக்கு நாலு வீடு இருக்கும் இடத்தில் வொஷிங்டனில் இருந்து வந்து மெதுவாகப் போ எண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அங்கே 55 ஐ மீறியவருக்குத் தண்டம் வெறும் ஐந்து டொலர். குற்றத்தின் பெயரும் வேகம் அல்ல, வளத்தை வீணாக்கியது. 1984 இல் சம்மி ஹேகர் என்ற ரொக் பாடகர், தன்னால் 55 இல் ஓட முடியாது என்று ஒரு பாட்டே போட்டார். அது பெரிய வெற்றி பெற்றது.

அதே 1984 இல்தான் இந்த விவாதத்தின் மிக முக்கியமான கணக்கும் வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய ஆய்வுச் சபை பத்து வருட அனுபவத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 55 மைல் எல்லை ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 வரை உயிர்களைக் காக்கிறது, அதற்கு விலையாக மக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பில்லியன் மணித்தியாலங்களைக் கூடுதலாக வீதியில் கழிக்கிறார்கள் என்றது அது.

இந்த இரண்டு எண்களையும் நாங்கள் இரண்டு விதமாகப் பிரித்துப் பார்த்தோம். காக்கப்பட்ட உயிர்கள் 3,000 என்று வைத்தால், ஓர் உயிருக்கு மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மணித்தியாலங்கள். அதாவது சுமார் 38 வருடங்கள். ஓர் இளம் ஆளின் மிச்ச வாழ்க்கை அளவு நேரத்தைச் செலவழித்துத்தான் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அது முட்டாள்தனமான வாதம் இல்லை.

ஆனால் அதே பில்லியனை அந்தக் காலத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருந்த ஏறத்தாழ 150 மில்லியன் பேருக்குள் பிரித்துப் பாருங்கோ. ஆளுக்கு வருடத்தில் ஆறரை மணித்தியாலம். ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு நிமிசம். ஒரு பக்கத்தில் எல்லாரிடமும் இருந்து எடுக்கிற ஒரு நிமிசம். மற்றப் பக்கத்தில் மூவாயிரம் பேரிடம் இருந்து முழுதாகப் பறிபோகிற வாழ்க்கை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமன் மாதிரித் தெரியும். வாழ்ந்து பார்த்தால் சமன் இல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

1980களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தது. சட்டத்தின் பிறப்புக் காரணமே இல்லாமல் போனது. 1987 இல் கிராமப்புறத்து மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் 65 மைலை அனுமதிக்கும் ஏற்பாடு ஒரு பெரிய வீதி நிதிச் சட்டமூலத்துக்குள் வந்தது. ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் 65 க்கு எதிரானவர் இல்லை. செலவு கூட என்றுதான் சட்டமூலத்தைத் தடுத்தார். காங்கிரஸ் அந்தத் தடையைத் தாண்டியது. செனட் சபையில் வாக்குகள் 67 க்கு 33. ஒரு வாக்குக் குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும்.

வேகத்தைக் கூட்டச் சொன்னவர்கள் எல்லாரும் அவசரக்காரர் இல்லை. கலிபோர்னியாப் பொருளியலாளர் சார்ள்ஸ் லேவ், ஆட்களைக் கொல்வது வேகம் அல்ல, வாகனங்களுக்கிடையிலான வேக வித்தியாசமே என்று 1985 இல் எழுதினார். 1994 இல் இன்னொரு வாதத்தையும் முன்வைத்தார். பெரிய நெடுஞ்சாலையில் 65 ஐ அனுமதித்தால், ஆபத்தான சிறு வீதிகளால் ஓடுகிறவர்கள் பாதுகாப்பான பெரிய வீதிக்கு வருவார்கள், பொலிசாரும் வேறு வேலையைப் பார்க்கலாம், மாநிலத்தின் மொத்த மரண வீதம் குறையும் என்பது அந்த வாதம். இன்றும் இந்த விவாதத்தில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

1995 நவம்பர் 28 இல் பில் கிளின்டன், பாதுகாப்புப் பற்றிய கவலையைச் சொல்லிக்கொண்டே, தேசிய வேக எல்லையை முற்றாக நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பல மாநிலங்கள் 70, 75 என்று ஏறின. மொன்டானா பகல் நேரத்தில் நியாயமான வேகத்தில் ஓடினால் போதும் என்ற பழைய நிலைக்குத் திரும்பியது. நியாயம் என்றால் எவ்வளவு எண்டு யாருக்குத் தெரியும்? அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 1998 இல் அதே கேள்வியைக் கேட்டு, தெளிவில்லாத சட்டம் என்று அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு அங்கே 75 மைல் எல்லை வந்தது.

அடுத்து டெக்சாஸ். 2012 இல் ஒஸ்ரினுக்குத் தெற்கே தனியார் நடத்தும் ஒரு கட்டண வீதியில் 85 மைல் அனுமதிக்கப்பட்டது. சுமார் 137 கிலோமீற்றர், நாட்டிலேயே ஆகக் கூடிய எல்லை. ஒப்பந்தப்படி எல்லையை 80 ஆக வைத்தால் நிறுவனம் மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது 67 மில்லியன் டொலர். 85 ஆக வைத்தால் 100 மில்லியன். வேகம் கூடினால் கட்டணம் கட்ட ஆட்கள் வருவார்கள் என்ற வியாபாரக் கணக்கு அது. 1973 இல் எண்ணெய் வேகத்தைத் தீர்மானித்தது. 2012 இல் ஒப்பந்தம் தீர்மானித்தது. இரண்டு தடவையும் உயிர் முதலாவது காரணமாக இருக்கவில்லை.

சரி, எல்லையைக் கூட்டியதால் என்ன நடந்தது? 1995 இலும் 1996 இலும் மொத்த மரணங்கள் ஏறத்தாழ 42,000 ஆகவே இருந்தன. பெரிய அழிவு வரும் எண்டு சொன்னவர்களின் எதிர்வுகூறல் அப்படியே நடக்கவில்லை. ஆசனப்பட்டிச் சட்டங்களும் காற்றுப்பைகளும் நல்ல வைத்தியமும் அதே காலத்தில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தன. ஆனால் அந்த நன்மையின் ஒரு பகுதியை வேகம் தின்றது. 1995 முதல் 2005 வரை 12,545 மரணங்கள் வேக எல்லை உயர்வோடு தொடர்புடையவை என்று 2009 இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனமொன்று 25 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 37,000 என்று 2019 இல் சொன்னது. பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது அதிசயம் இல்லை. இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 55 இல் இருந்து 75 க்குப் போனால் மோதும் சக்தி 86 சதவீதம் கூடுகிறது.

அப்படியெண்டால் ஏன் இந்த விவாதத்தில் வேகம் வென்றது? எங்களுக்குத் தெரிகிற காரணம் இதுதான். நேரம் மிஞ்சியவருக்கு அது தெரியும். லொறிச் சாரதி மறியல் செய்வார், பாடகர் பாடுவார், செனட்டர் வாக்குக் கேட்பார். 1974 இல் விபத்தில் சாகாமல் தப்பிய ஆயிரக்கணக்கானோருக்கோ தாங்கள் தப்பியதே தெரியாது. அவர்கள் வழமைபோல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். 55 ஐக் காப்பாற்ற ஊர்வலம் போக அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

எங்கட நாட்டிலும் புதிய வீதிகள் வரும்போது வேகம் பற்றிய பேச்சு வரும். எத்தனை நிமிசம் மிஞ்சும் எண்டு யாராவது சொல்லுவினம். அது உண்மையான நன்மைதான். ஆனால் ஏ9 ஒரத்தால சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறதா எண்டு கேட்க வேண்டியது நாங்கள்தான்.