திண்ணையும் தண்டோராவும்

சரித்திரம் என்றதும் கோட்டையும் கொத்தளமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. திரையில் ஒரு பக்கத்தை மாற்றி அமைத்ததற்காக லட்சக்கணக்கானவர்கள் கொதித்து எழுந்ததும் சரித்திரந்தான்.

2004 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை விடுதியில், மார்க் ஸக்கர்பர்க் என்ற மாணவர் தோழர்களுடன் ஃபேஸ்புக்கைத் தொடங்கினார். முதலில் அது கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரிய இடம். ஆளுக்கு ஒரு பக்கம். அதை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிநேகிதன் எப்படி இருக்கிறான் என்று அறிய, நாமேதான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். போனால், திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இரண்டு வார்த்தை எழுதிவிட்டு வரலாம்.

2006 செப்டம்பர் 5-ஆம் தேதி இந்த ஏற்பாடு மாறிற்று. உள்ளே நுழைந்ததுமே சிநேகிதர்களின் சங்கதிகள் வரிசையாகக் கண்ணெதிரே வந்து நின்றன. யார் என்ன படம் சேர்த்தார், யாருடைய காதல் முறிந்தது, எல்லாமே தண்டோரா! 'நியூஸ் ஃபீட்' என்று அதற்குப் பெயர்.

மாணவர்கள் வெகுண்டார்கள். அங்கத்தினர் மொத்தமே 1 கோடிக்குள் இருந்த காலத்தில், எதிர்ப்புக் குழு ஒன்றில் சில நாட்களுக்குள் சேர்ந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததும் அதே தண்டோராதான். 'இன்னார் எதிர்ப்பில் சேர்ந்துவிட்டார்' என்று அதுவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிற்று!

செப்டம்பர் 8-ஆம் தேதி ஸக்கர்பர்க் மன்னிப்புக் கேட்டார். எதை அறிவிக்கலாம், எதை அறிவிக்க வேண்டாம் என்று அவரவரே தீர்மானிக்க வழி செய்தார். ஆனால் தண்டோராவை நிறுத்தவில்லை. நாளடைவில் கோபம் தணிந்தது, ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

அந்தரங்கம் போயிற்று என்பதுதான் அன்றைய கூக்குரல். ஆனால் முன்பும் சிநேகிதர்கள் போய்ப் பார்க்கக்கூடிய விஷயங்கள்தாமே அவை? மறைந்து போனது தேடிப் போகும் சிரமம் ஒன்றுதான். அந்தச் சிரமத்தில்தான் உறவே இருந்தது என்பது என் கட்சி.

சொந்த அநுபவத்தைக் கொண்டுதான் சொல்கிறேன். பள்ளித் தோழன் ஒருவனை ஒரு கல்யாணத்தில் சந்தித்தேன். "உன் பெண் பரீட்சையில் தேறியது, நீ புது வீட்டுக்குக் குடி போனது எல்லாம் பார்த்தேனடா!" என்றேன் பெருமையாக.

"பார்த்திருப்பாய். என் சம்சாரம் ஆறு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தாளே, அது தெரியுமா?"

தெரியாது. அதை அவன் எங்கும் போடவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பே என்னைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தாமே எழுந்து வந்து காப்பி கொடுத்தார். அந்தச் செய்தி இன்றுவரை எந்தத் திரையிலும் வரவில்லை.