பெட்ரோல் பங்கில் ஒரு எண்: ஆக்டேனின் கதை

மதுரை - திருச்சி நான்கு வழிச்சாலையில் போகும்போது மேலூர் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினால் பங்கில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி: "சாதாவா, பவரா?" கம்பெனியைப் பொறுத்து அது 'ஸ்பீடு' ஆகும், 'எக்ஸ்பி 95' ஆகும். லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தால் வண்டி பறக்கும், மைலேஜ் எகிறும் என்று நம்பி "பவரே போடுங்கண்ணே" என்பவர்கள் நிறைய பேர். அந்தக் கூடுதல் காசுக்கு என்னதான் கிடைக்கிறது? இதற்குப் பதில் தெரிய நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிறகு ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. தீ ஒரு முனையில் ஆரம்பித்து சீராகப் பரவ வேண்டும். ஆனால் அழுத்தமும் சூடும் அதிகமானால், தீ போய்ச் சேருவதற்கு முன்பே மீதிக் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது கேட்கிற 'டக் டக்' சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் 'இன்ஜின் தட்டுது' என்பார்கள். ஆங்கிலத்தில் 'நாக்கிங்'. நாள்பட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

1920களில் கார் செய்பவர்களின் பெரிய தலைவலி இதுதான். இன்ஜினில் அழுத்தத்தைக் கூட்டினால் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். ஆனால் கூட்டினால் தட்டும்! இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, அழுத்தத்தை இஷ்டப்படி மாற்றக்கூடிய இன்ஜின் ஒன்றைச் செய்து, எந்த எரிபொருள் எப்போது தட்டுகிறது என்று சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் 1926-27 வாக்கில் அதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். சுலபத்தில் தட்டாத ஐசோ-ஆக்டேனுக்கு 100 மார்க், உடனே தட்டும் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை மாதிரி நடந்துகொண்டால் அது 91 ஆக்டேன். அவ்வளவுதான்! இது பரீட்சை மார்க் மாதிரி இல்லை. பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை இந்த எண் சொல்வதே இல்லை. தட்டாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது.

இந்தியாவில் எழுதப்படுவது 'ரிசர்ச் ஆக்டேன்' எண். அமெரிக்க பங்குகளில் இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அதனால் அங்கே 87 என்று போட்டிருப்பதும் இங்கே 91 என்பதும் ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா "எங்க ஊர்ல 87 தான் போடுறோம்" என்றால் ஏமாற வேண்டாம்.

இந்தக் கதையில் ஒரு வில்லனும் உண்டு. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் துளியளவு கலந்தாலே தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். ஈயம் விஷம் என்பது அப்போதே தெரியும். ஆல்கஹால் கலந்தாலும் தட்டாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஈயத்துக்கு வாங்கலாம். விற்பனைப் பெயரிலும் 'லெட்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'எத்தில்' என்று மட்டும் வைத்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் மூளை கலங்கி இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டி, ஆபத்தே இல்லை என்றார். வியாபாரம் அறுபது, எழுபது வருடம் ஜோராக நடந்தது. வண்டிப் புகை வழியாகக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறி, மூளை வளர்ச்சியைப் பாதித்தது. லாபம் கணக்குப் புத்தகத்தில் வந்தது. நஷ்டத்தை யாரும் எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

1940ல் பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 87ஐ விட்டு 100 ஆக்டேனுக்கு மாறி ஜெர்மனியோடு மோதியதும் ஈயத்தின் துணையோடுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே போர், மதுரைப் பக்கம் வேறு விதமாக வந்தது. 1942ல் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகள் கைவிட்டுப் போயின. பெட்ரோலுக்கு ரேஷன். 1911ல் மதுரையில் பஸ் தொழிலைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியைக் குறைந்த காற்றில் எரித்து வாயு எடுக்கும் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' என்ற சாதனத்தைத் தயாரித்தது. அதை மாட்டிக்கொண்டு பஸ்கள் கரியில் ஓடின. வேடிக்கை என்னவென்றால், கரிவாயு சுலபத்தில் தட்டவே தட்டாது; ஆக்டேன் கணக்கில் பார்த்தால் அது உயர்ந்த ரகம். ஆனால் அதில் சக்தி குறைவு. மேடு வந்தால் பஸ் திணறும். ஆக்டேன் அதிகம் என்றால் 'பவர்' அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சுதந்திரத்துக்குப் பின் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர் போன்ற கார்கள் குறைந்த அழுத்த இன்ஜின்கள். குறைந்த ஆக்டேனே அவற்றுக்குப் போதும். 1983ல் மாருதி 800 வந்தபின் நிலைமை மாற ஆரம்பித்தது. 1990களில் 87, 93 என இரண்டு ரகங்கள் இருந்தன.

1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அங்கே விற்கும் புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' பொருத்தினார்கள். ஈயம் பட்டால் அது கெட்டுவிடும். அப்படிப்பட்ட காரை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து மேலூர் வழியாக மதுரைக்கு வந்தவர் திரும்பிப் போக எந்தப் பெட்ரோலைப் போடுவார்? அந்தச் சிக்கல் நாடு முழுவதும் தீர 2000 பிப்ரவரி 1 வரை ஆனது. அன்று முதல் இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே. உலகிலேயே கடைசியாக கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே நின்றது 2021ல்தான்!

ஈயம் போனபின் ஆக்டேனைக் கூட்ட ரிஃபைனரிகள் பெட்ரோலின் மூலக்கூறுகளையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. பாரத் ஸ்டேஜ் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2010ல் நாடு முழுவதும் சாதாப் பெட்ரோலே 91 ஆனது. 2002 வாக்கில் வந்த பவர், ஸ்பீடு வகைகளில் பெரும்பாலும் வித்தியாசம் ஆக்டேனில் இல்லை. இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்களில்தான். 95, 97 ரகங்கள் தனி. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 'எக்ஸ்பி 100' என்று 100 ஆக்டேனே கொண்டுவந்தது.

இப்போது கதை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. அன்று மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த ஆல்கஹால்தான் இன்று எத்தனால் என்ற பெயரில் 20 சதவீதம் வரை பெட்ரோலில் கலக்கப்படுகிறது. கரும்பு, அரிசி, மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. (மேலூர்ச் செங்கரும்பு இதில் சேராது, அது பொங்கலுக்குக் கடித்துத் தின்ன!) எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. ஆனால் லிட்டருக்குள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் கூடும், மைலேஜ் இறங்கும். அதே கரி பஸ் கணக்கு. எத்தனாலுக்கென்று வடிவமைக்காத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மேலூர் பங்கில் நிற்பவருக்கு என்ன பதில்? வண்டியோடு வந்த கையேட்டிலோ, பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்திலோ ஒரு எண் இருக்கும். 91 என்றால் சாதாவே போதும். மேலே கொடுக்கும் காசு வேகத்தையோ மைலேஜையோ தராது. 95 என்று போட்டிருந்தால் (சில டர்போ கார்கள், விலையுயர்ந்த பைக்குகள்) அதைத்தான் போட வேண்டும். இன்றைய இன்ஜின்களில் தட்டலைக் கண்டுபிடிக்கும் சென்சார் உண்டு. ஆக்டேன் குறைந்தால் அது பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாற்றும். ஆனால் இழுவை குறையும். சென்சார் இல்லாத பழைய வண்டி, 91 போட்டும் மேடு ஏறும்போது தட்டினால் பெட்ரோலை மாற்றுவதற்கு முன் டைமிங்கையும், இன்ஜினுக்குள் படிந்த கரியையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது செலவு குறைந்த வழி.