ஏரில்லா வேளாண்மை

வேளாண்மை எங்கே பிறந்தது என்று வினவினால், நம் மாணவர் எவரும் நைல், டைகிரிஸ், யூப்ரட்டீஸ், சிந்து என்று ஆறுகளின் பெயர்களை அடுக்குவர். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்துப் பாடநூல்களும் அவ்வாறே தொடங்கின. அந்த வரிசையில் இடம்பெறாத ஓர் ஊரைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அங்கே நெல்லும் கோதுமையும் இல்லை, ஏர் இல்லை, ஏரில் பூட்ட எருதும் இல்லை. ஆயினும் வேளாண்மை உண்டு. அதுவும் மிகப் பழமையான வேளாண்மை.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே நியூகினி என்னும் பெருந்தீவு இருக்கிறது. அதன் கிழக்குப் பாதி இன்று பாப்புவா நியூகினி என்னும் சுதந்திர நாடு. அத்தீவின் கடற்கரையை ஐரோப்பியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கண்டனர். எனினும், நடுவே நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்கும் மலைப்பகுதியில் மனிதர் வாழவில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1930-இல் பொன் தேடி உட்புகுந்த மைக்கேல் லேஹி என்னும் ஆஸ்திரேலியர் அம்மலைகளில் மக்களைக் கண்டார். 1933 மார்ச்சில் அவரும் அவர் தம்பி டானும், அரசாங்க அதிகாரி ஜேம்ஸ் டெய்லரும் விமானத்தில் ஏறி வாகி பள்ளத்தாக்கின்மேல் பறந்தனர். கீழே அவர்கள் கண்டது காடன்று. சதுரம் சதுரமாக வகுத்த தோட்டங்கள், நேராக வெட்டிய வாய்க்கால்கள், வேலிகள், கூரை வீடுகள் ஆகியவை மைல் கணக்கில் பரந்து கிடந்தன. அம்மலைநாட்டில் பல இலட்சம் மக்கள் வாழ்ந்திருந்தனர்.

பின்னர் அவர்கள் நடந்தே அந்நாட்டிற்குள் சென்றபோது, இறந்துபோன முன்னோரின் ஆவிகளே வெளுத்த மேனியுடன் திரும்பி வந்தன என்று ஊரார் பலர் நம்பினர். வந்தவர்களோ, கல்லால் ஆகிய கோடரியைக் கண்டு, இவர்கள் கற்கால மனிதர் என்று முடிவு கட்டினர். கருவியை நோக்குமிடத்து அது தவறன்று. அம்மக்கள் இரும்பையோ வேறு உலோகத்தையோ அறிந்திலர். ஆனால் கற்காலம் என்ற சொல்லை உலகம் காலத்தின் பெயராக மட்டுமா வழங்கியது? அறிவின் அளவுகோலாகவும் அன்றோ அதனைக் கொண்டது!

அந்த அளவுகோலைத் திருத்தியது கூக் என்னும் சதுப்பு நிலம். அது மவுண்ட் ஹேகன் நகருக்கு அருகே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ளது. கவெல்க்கா என்னும் குலத்தாருக்கு உரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போரில் தோற்ற அக்குலத்தார் அவ்விடத்தைவிட்டு வடக்கே ஓடினர். நிலம் புதர் மண்டிக் கிடந்தது. ஆஸ்திரேலிய ஆட்சி போர்களை அடக்கியபின், 1950-களிலிருந்து அவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். 1969-இல் அங்கே அரசாங்கம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. நீர் வடியக் கால்வாய் தோண்டியவர்கள், மண்ணுக்குள் அதற்கு முன்பே யாரோ தோண்டிய கால்வாய்கள் இருக்கக் கண்டனர்.

ஜாக் கோல்சன் என்ற தொல்பொருள் அறிஞர் 1972 முதல் அங்கே அகழ்ந்தார். எரிமலைகள் வெவ்வேறு காலத்தில் கக்கிய சாம்பல் படலங்கள் சதுப்பு மண்ணில் ஏடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அவற்றைக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்தின் வயதையும் கணிக்க இயன்றது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வடிகால் அமைத்துள்ளனர். அதற்கும் முன்னர், ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன், ஈரத்தில் பயிர் அழுகாதிருக்க மண்ணை மேடுமேடாகக் குவித்து நட்டுள்ளனர். மண்ணில் எஞ்சியிருந்த நுண்துகள்களை ஆராய்ந்து, அவர்கள் வளர்த்தவை சேப்பங்கிழங்கும் வாழையும் என்று பிற்கால ஆய்வாளர் கண்டனர். அம்முடிவு 2003-இல் வெளியாயிற்று. வெளியாரிடம் கற்காமல், தாமாகவே வேளாண்மையைக் கண்ட மக்கள் உலகில் சிலரே. அச்சிலருள் இவர்களும் அடங்குவர்.

இது நமக்குத் தொலைவான செய்தி என்று எண்ண வேண்டாம். பொங்கல் நாளில் நாம் கடித்துச் சுவைக்கும் செங்கரும்பின் இனம் முதன்முதலில் பயிரானது நியூகினியிலேதான். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் தடித்த கரும்பையும் நாணலை ஒத்த காட்டுக் கரும்பையும் கலந்து புதிய வகைகளை உண்டாக்கிற்று. அத்தடித்த கரும்பின் பிறந்தகமும் அத்தீவே.

இனி அவ்வூரின் வாழ்க்கையைக் காண்போம். சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் தென்னமெரிக்காவில் தோன்றிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கைமாறிக் கைமாறி அங்கு வந்து சேர்ந்தது. குளிர்ந்த உயரத்திலும், வளம் குன்றிய மண்ணிலும் அது விளையும். மக்களும் அதனை உண்டனர்; பன்றிகளும் அதனை உண்டன. பன்றி பெருகியதும் ஊரின் வாழ்க்கை முறையே பன்றியைச் சுற்றி அமைந்துவிட்டது.

ஆண்கள் வட்டமான பொது வீட்டில் உறங்குவர். பெண்களுக்கு நீண்ட வீடு. அதன் ஒரு பகுதியில் பன்றிகளுக்கு அறைகள் உண்டு. காடு வெட்டுதலும், வேலி கட்டுதலும், வாய்க்கால் தோண்டுதலும் ஆடவர் தொழில். நடுதல், களையெடுத்தல், கிழங்கு அகழ்தல், சுமத்தல், சமைத்தல், பன்றிக்கு இரையிடுதல் யாவும் மகளிர் தொழில். கயிற்றால் பின்னிய பையின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக் கிழங்கைச் சுமப்பர்; மற்றொரு பையில் குழந்தை உறங்கும். வேலிக்கும் வாய்க்காலுக்கும் முடிவு உண்டு. கிழங்கு சுமப்பதற்கு முடிவே இல்லை.

அப்பன்றிகளைக்கொண்டு ஆடவர் நடத்தும் பெருவிழாவுக்கு மோக்கா என்று பெயர். ஒருவர் தமக்கு முன்பு கொடுத்தவருக்கு, வாங்கியதைவிட மிகுதியாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். மிகுதியாகக் கொடுத்தவரே பெரிய மனிதர். பரம்பரை அரசர் என்று அங்கே எவரும் இல்லை. தாம் வழங்கிய முத்துச்சிப்பிகளைக் கணக்கிட, எட்டு அல்லது பத்துச் சிப்பிக்கு ஒரு மூங்கில் சிம்பு வீதம் கோத்து மார்பில் அணிவர். எழுத்தில்லாத நாட்டில் அதுவே பேரேடு. புகழ் ஆடவர்க்கு, பன்றியை வளர்த்தவளோ மனைவி. கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் அவள் பிறந்தகத்துக்கும் புகுந்தகத்துக்கும் இடையே நிகழும். ஆதலால் அங்குத் தங்கி ஆராய்ந்த மெரிலின் ஸ்ட்ராத்தன் என்னும் அம்மையார், 1972-இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘இடைநிற்கும் பெண்கள்’ என்று பொருள்படத் தலைப்பிட்டார். பொருத்தமான தலைப்பு.

அம்மக்களின் பழமையைப் புகழும் உற்சாகத்தில் அவர்களது துன்பத்தை மறைத்தல் நேர்மை ஆகாது. குலப் போர்கள் ஓயாது நடந்தன. கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றி, உடலை வளர்க்கும் புரதத்தைப் போதிய அளவு தருவதன்று. பன்றியிறைச்சியோ விழா நாளில் மட்டுமே கிட்டும். நன்கு வேகாத அவ்விறைச்சியில் நஞ்சை உண்டாக்கும் கிருமி இருப்பதுண்டு. போதிய புரதம் உண்பவரின் குடலில் சுரக்கும் நீர் அந்நஞ்சை அழித்துவிடும். கிழங்கையே உண்டு வளர்ந்த குழந்தைக்கு அது குறைவாகவே சுரக்கும். சுரந்ததையும் கிழங்கிலுள்ள ஒரு பொருள் செயலிழக்கச் செய்யும். ஆகவே விழா முடிந்த சில நாட்களில் குடல் அழுகிக் குழந்தைகள் மாண்டனர். இந்நோயைப் ‘பன்றி வயிறு’ என்று பொருள்படும் ‘பிக்பெல்’ என்ற பெயரால் அழைத்தனர். 1980-இல் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட பின்னர் இந்நோய் பெரிதும் குறைந்தது.

லேஹி கூலியாகவும் உணவின் விலையாகவும் கொடுக்க விமானத்தில் சிப்பிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். தொலைக் கடற்கரையிலிருந்து தலைமுறைக்குச் சிலவாக வந்து சேர்ந்த பொருள் திடீரென மலிந்து, மதிப்பிழந்தது. இரும்புக் கோடரி வந்ததும் கற்கோடரி ஒழிந்தது. காப்பித் தோட்டங்கள் பணத்தைக் கொணர்ந்தன. 1975-இல் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே வெளியிட்ட தன் நாணயத்திற்குக் ‘கினா’ என்று அந்த முத்துச்சிப்பியின் பெயரையே சூட்டிக்கொண்டது.

தேயிலை நிலையம் பின்னர் மூடப்பட்டது. 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் கூக் சதுப்பு நிலத்தை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்நாட்டிற்கு அதுவே முதற்சின்னம். அங்கே பார்ப்பதற்குக் கோபுரமோ கோட்டையோ இல்லை. பழைய வாய்க்கால்களும் மண்ணுக்குள்ளேயே உள்ளன. அவற்றின்மேல் கவெல்க்கா மக்கள் சர்க்கரைவள்ளியும் வாழையும் பயிரிட்டு வருகின்றனர்.