வண்ணத்துப்பூச்சிப் பதிவு

வண்ணத்துப்பூச்சிப் பதிவு என்பது ஓரிடத்தில் காணப்பட்ட வண்ணத்துப்பூச்சியின் இனம், இடம், நாள் ஆகியவற்றைச் சான்றுடன் பொதுத் தரவுத்தளம் ஒன்றுக்கு அளிப்பதாகும். துறைசாராத ஆர்வலர்களும் பங்குகொள்வதால் இது குடிமக்கள் அறிவியலின் ஒரு வகையாகக் கருதப்படுகிறது.

வரலாறு

ஐக்கிய இராச்சியத்தில் 1976 ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் பதிவாளர் ஒரே பாதையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரந்தோறும் நடந்து, தம்மைச் சுற்றி 5 மீட்டர் அகலத்துக்குள் தென்படுபவற்றை மட்டும் எண்ணுவார். இந்தியப் பல்லுயிர்த் தளமும் ஐநேச்சுரலிஸ்ட்டும் 2008 இல் தொடங்கின. வண்ணத்துப்பூச்சிகளுக்கெனத் தனியாக அமைந்த 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' 2010 இல் உருவானது. 2020 முதல் செப்டம்பர் மாதம் இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ் மறவன் 2019 இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது.

பதிவு செய்யும் முறை

ஒரு பதிவில் நாள், இடம், பார்த்தவர், ஒளிப்படம் ஆகியவை இடம்பெற வேண்டும். சிறகின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் தெரியும் படங்கள் இனத்தை உறுதிசெய்ய உதவும். முட்டை, புழு, உணவுத் தாவரம் ஆகியவற்றையும் குறிப்பது பயனுடையது. ஐநேச்சுரலிஸ்ட்டில் இனப்பெயர் குறித்து அடையாளம் காண்போரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் உடன்பட்டால், பிற நிபந்தனைகளும் நிறைவேறிய பதிவு ஆய்வுத் தரம் பெறும்.

படமில்லாத பதிவு தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும். எடுத்துக்காட்டாக, கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளில் ஒரு வகை, பறவைகள் உண்ணாது தவிர்க்கும் 'கிரிம்சன் ரோஸ்' இனத்தை ஒத்திருக்கும். பின்னதன் உடல் சிவப்பாகவும் முன்னதன் உடல் கருமையாகவும் இருப்பதே எளிய வேறுபாடு.

புதுக்கோட்டைப் பகுதி

புதுக்கோட்டை – ஆலங்குடி சாலையில் அமைந்த திருவரங்குளம் போன்ற சமவெளி ஊர்களில் பதிவுகள் தனிப் பயனுடையவை. மாவட்டத்தின் உலர் பசுமைமாறாக் காடுகளில் பல, கோயில் காடுகளாக எஞ்சியுள்ளன. பரந்த நிலங்கள் தைல மரத் தோட்டங்களாக மாறியுள்ளன. புழுக்கள் குறிப்பிட்ட தாவரங்களையே உண்பதால், அத்தாவரங்கள் அழிந்தால் வண்ணத்துப்பூச்சியும் அங்கே தொடர்ந்து வாழ இயலாது. எருக்கு வெந்தய வரியனுக்கும், ஆடுதின்னாப்பாளை கிரிம்சன் ரோசுக்கும் உணவாகும்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சில வரியன் இனங்கள் கிழக்குச் சமவெளிக்கு வலசை வருகின்றன. இவை கடந்துசெல்லும் நாளை அறிய, பல ஊர்களின் பதிவுகள் தேவை.

2018 நவம்பரில் கஜா புயல் இம்மாவட்டத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. இத்தகைய நிகழ்வால் ஓர் இனம் குறைந்ததா என்பதை அறிய, முந்தைய ஆண்டுகளின் பதிவு இருக்க வேண்டும். பொதுவாகக் காணப்படும் இனங்களையும் தொடர்ந்து பதிவது இதனாலேயே இன்றியமையாததாகிறது. பதிவு இல்லாமை, அவ்வினம் அங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

நெறிமுறைகள்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் அட்டவணைகளில் சில வண்ணத்துப்பூச்சிகளும் இடம்பெற்றுள்ளன. அவற்றை அனுமதியின்றிப் பிடிப்பது குற்றமாகும். பதிவுக்கு ஒளிப்படமே போதுமானது. அரிய இனங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்ட்டில் உள்ளது.