கவுன்சிலர் கைக்கு வந்த மருத்துவமனைகள்

தெற்கு வேல்ஸின் நிலக்கரி ஊரான ட்ரெடிகரில், 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அனைரின் பெவன். அவருக்குத் திக்குவாய். தொழிலாளர் நூலகத்தில் வெறிகொண்டு படித்தார். பேசும்போது வாயில் வராத சொல் எதிர்ப்பட்டால், அதே பொருளுள்ள வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். பிற்காலத்தில் சர்ச்சிலையே எதிர்த்து நின்ற நாவன்மை இப்படித்தான் வளர்ந்தது.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவித்தொகையில் லண்டனில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு 1921-ல் ஊர் திரும்பியவருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைக்கவில்லை. மறு ஆண்டே ட்ரெடிகர் நகர்ப்புற கவுன்சில் உறுப்பினரானார். 1925-ல் அவர் தந்தை டேவிட், நிலக்கரித் தூசி அரித்த நுரையீரலோடு இறந்தார். அந்த நோய் இழப்பீட்டுச் சட்டத்தில் இல்லை என்பதால் குடும்பத்துக்கு ஒரு காசும் வரவில்லை. இதைச் சரிசெய்ய ஊர்க் கவுன்சிலுக்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரம் எங்கேதான் இருக்கிறது? பிற்பாடு நாடாளுமன்றத்தில் இதை அவரே கதையாகச் சொன்னார்: ஊர்க் கவுன்சிலில் தேடினேன், கவுண்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது என்றார்கள், அங்கே போனேன், அங்கிருந்தும் நழுவிவிட்டிருந்தது. 1928-ல் மன்மத்ஷயர் கவுண்டி கவுன்சில், 1929-ல் எப்பு வேல் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. என்று அவர் ஏறிய படிகள் எல்லாம் இந்தத் தேடலே.

ஆனால் ட்ரெடிகர் அவருக்கு வழியையும் காட்டியிருந்தது. அங்கே தொழிலாளர்கள் சம்பளத்தில் பவுண்டுக்கு 3 பென்ஸ் வீதம் ஒரு மருத்துவ உதவிச் சங்கத்துக்குக் கட்டினார்கள். நோய் வந்தால் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஊரில் ஏறக்குறைய எல்லாருமே அதன் நிழலில் இருந்தார்கள்.

1945-ல் பிரதமர் அட்லி அவரைச் சுகாதார அமைச்சராக்கினார். நாடு முழுவதற்குமான தேசிய சுகாதாரச் சேவையை அமைக்கும்போது பெவன் எடுத்த முடிவுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அறக்கட்டளை மருத்துவமனைகளை மட்டுமல்ல, கவுன்சில்கள் நடத்திய மருத்துவமனைகளையும் மத்திய அரசே எடுத்துக்கொள்ளும் என்றார். லண்டன் கவுண்டி கவுன்சிலை ஆண்ட ஹெர்பர்ட் மாரிசன் அமைச்சரவையில் கடுமையாக எதிர்த்தார். உள்ளாட்சியின் கையிலிருப்பதைப் பறிக்கலாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பணக்கார நகரத்துக்கு வரிவருமானம் உண்டு, நல்ல ஆஸ்பத்திரியும் உண்டு. ஏழைச் சுரங்க ஊருக்கு இரண்டும் இல்லை. பிறந்த ஊரை வைத்து ஒருவனுக்குச் சிகிச்சை அமையக் கூடாது என்றார் பெவன். ஏழை ஊரின் கவுன்சிலில் உட்கார்ந்து பார்த்தவரின் பேச்சு அது. அமைச்சரவை அவர் பக்கம் சாய்ந்தது. என் மனமும் அங்கேதான்.

டாக்டர்களோடு நடந்த போர் இதைவிடப் பெரிது. 1948 பிப்ரவரியில் அவர்களது சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் இந்தச் சேவைத் திட்டத்தை எதிர்த்தார்கள். நிபுணர்கள் தனியார் நோயாளிகளைப் பார்க்கலாம், குடும்ப டாக்டர்களை மாதச் சம்பளக்காரர்கள் ஆக்கமாட்டோம் என்று விட்டுக்கொடுத்துத்தான் அவர்களை உள்ளே கொண்டுவந்தார். 1948 ஜூலை 5 அன்று மான்செஸ்டர் அருகே பார்க் மருத்துவமனையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. காசு கேட்காமல் பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் கொடுத்தார்கள்.

1951-ல் அந்தப் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை வசூலிக்க நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் முடிவு செய்தார். பெவன் பதவியைத் தூக்கியெறிந்துவிட்டு வெளியேறினார். தொழிற்கட்சியை இரண்டாகப் பிளந்த அந்த மோதல், அடுத்த வாரம்.

(தொடரும்)