ஜப்பான் வாட்ச்: அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை... கணக்கு எங்கே இடிக்கிறது?

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை என்பது மண்டபம் பகுதிக்குப் புதிதல்ல. 2023 பிப்ரவரியில் மண்டபத்தை ஒட்டிய கடலில் வீசப்பட்ட 17.74 கிலோ தங்கத்தை, இந்தியக் கடலோரக் காவல் படையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் முக்குளிப்பவர்களை இறக்கி மீட்டன. மதிப்பு சுமார் பத்தரை கோடி ரூபாய். இறக்குமதி வரி கட்டாமல் கொண்டுவந்தால் கையில் நிற்கும் வித்தியாசம்தான் இந்த மாதிரிக் கடத்தலுக்கு மூலதனம்.

தங்கம் சரி, வாட்ச் எங்கே வந்தது என்கிறீர்களா? 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவில் தங்கத்துக்கு அடுத்தபடியாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும் பொருள் கடிகாரம். கடத்தல் பொருள் என்ற நியாயமான சந்தேகத்தில் அதிகாரிகள் ஒரு வாட்ச்சைப் பறிமுதல் செய்தால், அது கடத்தி வந்தது அல்ல என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் அல்ல, அதை வைத்திருந்தவர். செல்போன் திரையில் ஜப்பான் விலையையும் உள்ளூர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பலருக்கும் இந்த வரி தெரியாது.

சட்டத்தில் வாட்ச் ஏன் இருக்கிறது?

அந்தக் காலத்து விலை வித்தியாசத்தைப் பார்த்தால் புரியும். இந்தியாவில் எச்எம்டி நிறுவனம் 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியபோதே கூட்டாளியாக இருந்தது ஜப்பானின் சிட்டிசன்தான். ஆனால் ஜப்பானில் செய்த சிட்டிசனோ சீக்கோவோ இங்கே கடையில் சுலபமாகக் கிடைக்காது. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு.

இலங்கை 1977-ல் தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஜப்பான் சாமான்கள் கொழும்புக் கடைகளில் தாராளமாக இறங்கின. ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வளைகுடா வேலை வந்தது. கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் சபுராளிகள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு சீக்கோ 5 மின்னாமல் இருக்காது. கல்யாண மாப்பிள்ளைக்குப் போடும் வாட்ச்சும் அதுதான்.

1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை வந்து, 1991-க்குப் பிறகு இறக்குமதியும் படிப்படியாகத் திறந்தபோது அந்தப் பெரிய வித்தியாசம் கரைந்துபோனது. சட்டத்தில் இருந்த சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இன்றைக்கு வித்தியாசம் எதில்?

சாதாரண கேசியோ, சீக்கோ மாடல்கள் இங்கேயே அதிகாரபூர்வமாக விற்கப்படுகின்றன. ஆர்வலர்கள் தேடுவது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்றே விடப்படும் மாடல்களை. சுருக்கமாக 'ஜேடிஎம்' என்பார்கள். கேசியோவில் மாடல் எண் 'ஜேஎஃப்' என்று முடிந்தால் அது ஜப்பான் சந்தைக்கானது. சீக்கோவின் எஸ்ஏஆர்பி033 இதற்கு நல்ல உதாரணம். 2008-ல் வந்து, 2018-ல் தயாரிப்பு நின்றது. நின்ற பிறகு பழைய வாட்ச்சின் விலை ஏறியது. ஆக, இந்த வகையில் 'கடை விலை' என்பதே கிடையாது. கைமாறும் விலைதான் விலை.

யென் மதிப்பு சரிந்ததும் ஆசையைக் கிளப்பிவிட்டது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னையும் தாண்டிப் போனது. டோக்கியோவின் நக்கானோ பிராட்வே கடைகளில் பழைய வாட்ச்சுகளைத் தரம் பிரித்து, கீறல் எங்கே என்பது வரை எழுதிப் போடுகிறார்கள். அந்த நம்பகத்தன்மைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இங்கே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

40,000 யென் வாட்ச் வீட்டுக்கு வரும்போது எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. ஜப்பான் கடையில் 10% நுகர்வு வரியோடு 44,000 யென் போட்டிருக்கும் வாட்ச், வரி இல்லாமல் 40,000 யென். 100 யென் 58 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 23,200 ரூபாய். அனுப்பும் செலவு 1,450 ரூபாய். சுங்கத்துறை வரி போடுவது வாட்ச் விலைக்கு மட்டும் அல்ல, இந்தச் செலவையும் சேர்த்த 24,650 ரூபாய்க்கு.

கைக்கடிகாரத்துக்கு அடிப்படைச் சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்ந்தது. அதன்படி 4,930 ரூபாய். அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10%, அதாவது 493 ரூபாய். இதெல்லாம் சேர்ந்த தொகைக்கு 18% ஐஜிஎஸ்டி, சுமார் 5,413 ரூபாய். கடைசியில் வாட்ச் கைக்கு வரும்போது ஏறக்குறைய 35,486 ரூபாய். ஏல தளத்தில் வாங்கித் தரும் இடைத்தரகருக்குக் கமிஷன் தனி.

இது முறையான இறக்குமதிக்கான பொது விகிதம். சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளுக்கு வேறு தலைப்பு, வேறு விகிதம். அது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் பணம் கட்டுவதற்கு முன்பு அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இப்போது ஒப்பிடுங்கள். அதே வாட்ச் சென்னையில் நல்ல நிலையில் 32,000 ரூபாய்க்குக் கைமாறுகிறது என்றால், ஜப்பானில் 23,200 என்று பார்த்து வரவழைத்தவருக்கு மூவாயிரத்துக்கு மேல் நஷ்டம். 42,000-க்குப் போகிறது என்றால்தான் ஏதோ மிச்சம்.

'கிஃப்ட்'னு போட்டு அனுப்பச் சொன்னால்?

பழைய யோசனை. செல்லாது. தபாலிலும் கூரியரிலும் பரிசுப் பொருள் என்ற பெயரில் வரி இல்லாமல் எடுக்கும் வழியை மத்திய அரசு 2019 டிசம்பரில் மூடிவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. பழைய வாட்ச்சுகளை வியாபாரத்துக்காக வரவழைக்க டிஜிஎஃப்டி அனுமதியும் வேண்டும். பயன்படுத்திய சாமான்கள் இறக்குமதியில் 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலில் இருக்கின்றன.

வருகிறவர் கையில் கட்டிக்கொண்டு வந்தால்?

சொந்த உபயோகத்துக்கு என்றால் பிரச்சினை இல்லை. விமானத்தில் வரும் இந்தியர்களுக்கு வரியில்லாத பொருள் வரம்பு 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் 75,000 ஆனது. மேலே சொன்ன வாட்ச் இந்த வரம்புக்குள் அடங்கும். ஜப்பான் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் நுகர்வு வரியும் கழியும். ஆனால் 2026 நவம்பர் முதல் அங்கே முறை மாறுகிறது. முதலில் வரியோடு வாங்கி, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெற வேண்டும். துபாயில் வாங்கினால் வாட் 5 சதவீதம்தான், ஆனால் ஜேடிஎம் மாடல்கள் அங்கே வருவது குறைவு.

சிக்கல் எங்கே என்றால், ஒரே பெட்டியில் ஆறு வாட்ச், எல்லாம் ஒரே மாடல், ஸ்டிக்கர் கூடப் பிரிக்கவில்லை என்னும்போது. அதைச் சொந்த உபயோகம் என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். 'குருவி' வேலை என்று பார்த்தவுடன் தெரியும்.

இங்கேயே பழையதை வாங்குகிறவர் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பில். அசல் கொள்முதல் ரசீதோ, சுங்க வரி கட்டிய ரசீதோ இல்லாத வெளிநாட்டு வாட்ச்சைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர், 123-வது பிரிவு சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார். விற்றவர் பணத்தோடு போய்விடுவார். பறிமுதல் ஆனால் பதில் சொல்ல வேண்டியது வைத்திருப்பவர்.

அடுத்தது வாட்ச்சின் முகம். பழைய சீக்கோ 5 வாட்ச்சுகளின் டயலைப் பெயர்த்து, பளிச்சென்று வேறு நிறம் அடித்து, புதுசு போல் விற்பது நெடுங்கால வியாபாரம். உலகம் முழுக்க இதற்கு 'பம்பாய் ஸ்பெஷல்' என்றே பெயர். பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். நான்கு இலக்க இயந்திர எண்ணும் (7எஸ்26 மாதிரி) அதை ஒட்டி மாடல் எண்ணும் இருக்கும். அந்த மாடலில் அந்த நிறமே வரவில்லை என்றால் சந்தேகப்படலாம். சீக்கோ சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எந்தப் பத்தாண்டு என்று அது சொல்லாது. அதனால் 1994-ஐ 2014 என்று சொல்லி விற்க வாய்ப்பு உண்டு.

கிழமை காட்டும் சின்ன ஜன்னலும் கதை சொல்லும். திருகைத் திருகும்போது ஆங்கிலத்துக்கு அடுத்து அரபி வந்தால் அது வளைகுடாவுக்குப் போனது. ஜப்பானின் கான்ஜி எழுத்து வந்தால் ஜப்பான் சந்தைக்கானது. ஆனால் அந்தச் சக்கரத்தை மாற்றிப் போடுவது பெரிய வேலை இல்லை, இதை மட்டும் நம்பக் கூடாது. ராமநாதபுரம் பக்கம் அரபி எழுத்து இருப்பது குறையே இல்லை. எங்கிருந்து வந்தது என்பதற்கு நேர்மையான அடையாளம் அது.

ஜேடிஎம் என்பதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கூடுதல் வசதி இங்கே வேலை செய்யுமா? ரேடியோ சிக்னலில் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் கேசியோக்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, ஐரோப்பா நிலையங்களை நம்பியவை. இந்திய நேரத்துக்கு வைத்தால் அந்த வசதி தூங்கிவிடும், கையால்தான் திருத்த வேண்டும். சூரிய ஒளியில் சார்ஜ் ஆவது மட்டும் மண்டபத்தில் அமோகமாக நடக்கும்.

உப்புக் காற்று இன்னொரு செலவு. ஒருமுறை பின்மூடி திறக்கப்பட்ட பழைய வாட்ச்சில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று பொறித்திருப்பதற்கு அர்த்தம் இல்லை. சர்வீஸ் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். ஜப்பான் வாரன்டி அட்டை பெரும்பாலும் ஜப்பானுக்குள்தான் செல்லும் என்பதால், 'அட்டையோடு இருக்கு' என்பதற்காக இங்கே ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுக்கத் தேவையில்லை. அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் சரியாக இருந்தால், எப்போது, எங்கே வாங்கியது என்று காட்ட ஒரு காகிதமாக அது உதவும்.